வேற்றுக்கிரகத்தில் நான் பேசியது

1

அன்று சாயங்காலம் நெய்வேலியில், மச்சானுடைய குவார்ட்டர்ஸில், டிவி முன்னால் இருந்தவர்கள்:

மச்சான் செந்தில். என் மனைவிக்கு அண்ணன். சுரங்கத்தில் பர்மனென்ட். முதல் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி சுமதி. சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

காசிம் பாய். பஜாரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். மச்சானுக்குச் சிநேகிதர். லேப்டாப்பை டிவியோடு சேர்க்க ஒயர் கொண்டுவந்தார். கூடவே ஒரு பொட்டலம் சமோசா.

என் மனைவி கலா. நர்ஸ். அவள் வேலைக்குக் கிடைத்த விசாவில்தான் நாங்கள் வேல்ஸில் இருக்கிறோம். நான் அவளுக்குக் கணவன் என்ற முறையில் போனவன்.

என் மகள் ஓவியா. பதினைந்து வயது. லேப்டாப் அவளுடையது.

என் அக்கா தவமணி. ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் புடவை. டிவிக்கு நேர் எதிரே அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள்.

நான். கதவுப் பக்கம் நின்றேன்.

நாங்கள் பார்ப்பதற்காகக் கூடியது ஒரு வெள்ளைக்காரத் தொடர். வேற்றுக்கிரகக் கதை. அதில் ஒரு எபிசோடில் நான் வருகிறேன். அதற்காகத்தான் எல்லோரும் வந்தார்கள்.

வெளிநாட்டு வாழ்க்கை பற்றி நம் ஊர்க்காரர்கள் படிக்க ஏதாவது எழுதுங்கள் என்று மச்சான் பல தடவை சொல்லியிருக்கிறார். பனி, சம்பளம், சாப்பாடு இதையெல்லாம் எழுதச் சொன்னார். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பத்தாவது பெயில். எனக்கு எழுத இருப்பது இது ஒன்றுதான்.

2

நெய்வேலியில் நான் காண்ட்ராக்டில் இருந்தேன். கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஜாயின்ட் போடும் வேலை. வேல்ஸில் ஒரு கல் குவாரியில் அதே வேலை கிடைத்தது. அங்கே பெல்ட்டில் லிக்னைட் போகும். இங்கே கல் போகிறது. மற்றபடி பெல்ட் பெல்ட்தான்.

காலையில் ஐந்து மணிக்கு எழுவேன். கலா நைட் டூட்டி முடிந்து வர எட்டாகும். ஒருவரை ஒருவர் பார்ப்பது வாசலில். விசா, வரி, ஸ்கூல், டாக்டர் எல்லாக் காகிதத்தையும் கலாதான் பார்ப்பாள். எனக்கு வரும் தபாலை நான் பிரித்து, ஒரு முறை பார்த்து, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

ஓவியாவிடம் நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரு வார்த்தை, அல்லது இரண்டு. பிறகு கதவைச் சாத்திக்கொள்வாள். கோபம் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பிடித்தது இந்தத் தொடர். ரொம்பப் பழைய தொடராம். குவாரியில் என்னோடு வேலை செய்கிற கெவின் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தானாம். நடுவில் பல வருஷம் நிறுத்திவிட்டார்கள். இப்போது புது ஆட்களைப் போட்டுப் பெரிய செலவில் மறுபடியும் எடுக்கிறார்கள். வேற்றுக்கிரகம் என்றால் அவர்களுக்கு ஏதாவது ஒரு குவாரிதான். அந்தக் காலத்திலும் எங்கள் குவாரிக்கு வந்தார்கள், இப்போதும் வந்தார்கள். ஒரு புல் பூண்டு கிடையாது, நல்ல வசதி.

கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும், இரண்டு நாள், விருப்பம் உள்ளவர் லீவு போட்டு வரலாம் என்று மேனேஜர் சொன்னார். அதை வீட்டில் சும்மா சொன்னேன். ஓவியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அப்பா, ப்ளீஸ். ப்ளீஸ் போங்க."

தமிழில் சொன்னாள். ஃபாரத்தை அவளே நிரப்பினாள். வேறு திறமைகள் என்று கேட்டிருந்த இடத்தில், சத்தமாகப் பேசுவார் என்று எழுதினாள்.

3

அக்கா விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வளையமாதேவிப் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் எங்கள் நிலமும் போயிற்று. பணம் வந்தது. மாற்று மனையும் வந்தது. அதில் நான் எதுவும் சொல்ல வரவில்லை. நானும் அந்தச் சுரங்கத்துச் சோற்றைத் தின்றவன்தான்.

வீடு மட்டும் பாக்கி. அப்பா கட்டியது. மாமா இறந்த பிறகு அக்கா அங்கே வந்து தனியாக இருந்தாள். மகளைப் பண்ருட்டியில் கொடுத்திருக்கிறது. தெருவில் பாதிப் பேர் காலி செய்துவிட்டார்கள். அக்காவும் போகத் தயார்தான். ஒன்றே ஒன்று கேட்டாள்.

எங்கள் பக்கம் வீட்டை இடித்தாலும் வாசல் நிலையை விடமாட்டார்கள். கழற்றி எடுத்துப் போய்ப் புது வீட்டில் வைப்பார்கள். எங்கள் நிலை பலாமரம். அப்பா பண்ருட்டியில் மரம் வாங்கி இழைத்து வைத்தது. வைத்தவர் பிள்ளை கை வைத்துத்தான் அதைக் கழற்ற வேண்டும். நான் ஒரே ஆண்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"டேய் தம்பி, எப்படா வர்ற?"

"பாக்கறன்க்கா."

"ஒரு நாலு நாளு வா போதும். நெலய நீ கழட்டிக் குடுத்துட்டா நான் வண்டி ஏறிடுவன். மழ வருதுடா. பின்பக்கம் ஓடு போயி ஒழுவுது."

"லீவு தரமாட்டேங்கறான்க்கா."

"வெள்ளக்காரன் அவ்ளோ மோசமா?"

"ஆமாங்க்கா."

லீவு இருந்தது. ஒரு வாரம் இருந்தது. டிக்கெட் விலையை நினைத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. கஷ்டம் நடக்கிற இடத்துக்குப் போக எனக்குப் பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படி. அம்மா செத்தபோதும் நான் பந்தல்காரனைக் கூப்பிடப் போகிறேன் என்று வெளியே போனவன்தான்.

அந்த ஒரு வாரத்தில் இரண்டு நாளைத் தொடரின் ஷூட்டிங்குக்குக் கொடுத்தேன்.

4

அந்த எபிசோடின் கதை இது. ஒரு கிரகம். அதைத் தோண்டுகிறார்கள். அங்கே குடியிருக்கிறவர்களை வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். கதாநாயகி வந்து காப்பாற்றுவாள். எனக்குக் காவல்காரன் வேஷம். முகம் முழுக்கச் சாம்பல் நிறம். நெற்றியில் ரப்பரில் ஒரு புடைப்பு. கையில் தடி.

கதையை முன்னாலேயே எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன் என்று எழுதலாம். போயிருப்பேன்.

ஒரு வயசான அம்மாள் குடிசை முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் போய் விரட்ட வேண்டும். அந்த அம்மாள் அந்த ஊர்க்காரி, நாடகத்தில் நடிப்பவள். ஷூட்டிங்குக்கு முன்னால் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள்.

டைரக்டர் ஒரு சின்னப் பெண். உங்கள் பாஷையிலேயே எதையாவது கத்துங்கள், பிறகு குரலை மாற்றிவிடுவோம் என்றாள். முதல் தடவை பஸ் ஸ்டாப் பெயர்களைச் சொன்னேன். ஆர்ச் கேட், கடலூர், விருத்தாசலம். அவளுக்குத் திருப்தி இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. கோபம் வேண்டும் என்றாள். எத்தனை சொன்னாலும் கேட்காத ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னீர்கள், பயந்துவிட்டேன் என்றாள். தயவுசெய்து போங்கள் என்று சொன்னேன் என்றேன். அதைக் கேட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஓவியாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கலா வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். அது நல்ல நாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

5

எபிசோட் வெளிவர ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் லீவும் சேர்ந்தது. அடுத்த லீவில் வருகிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதன்படி மூன்று பேரும் நெய்வேலி வந்தோம். நிலை கழற்றுவதற்கு முதல் நாள்தான் மச்சான் இதை ஏற்பாடு செய்தார். அந்த எபிசோடை நான் அதுவரை பார்க்கவில்லை. ஓவியாவும் எல்லோரோடும் சேர்ந்து பார்க்கலாம் என்று காத்திருந்தாள்.

பள்ளம் திரையில் வந்ததும் சுமதி சொன்னார், "நம்ம மைன்ஸ் மாதிரியே இருக்கே."

"இங்கயே வந்து எடுத்திருக்கலாம். செலவு மிச்சம்," என்றார் மச்சான். "மாப்ள, நீங்க எப்ப வருவீங்க?"

"வரும்."

காவல்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் சாம்பல்.

"இதுல யாரு மாப்ள நீங்க? மூணாவதா?"

"அது வெள்ளைக்காரன் நடை," என்றார் காசிம் பாய். "பட்டாணி மூட்டையில பட்டாணிய தேடறாப்பல இருக்கு."

அக்காதான் கண்டுபிடித்தாள். எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தாள்.

"அதோ. காத பாருங்க. எங்கப்பன் காது. அவன்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"நெத்தியில என்னா மாப்ள, பலாக்கொட்ட மாதிரி?"

"ரப்பர் மச்சான்."

"அதுக்குத் தனிச் சம்பளமா?"

சிரிப்பு. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் குடிசைக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

குரலை மாற்றவில்லை.

"எழுந்திரு. எழுந்திருன்னு சொல்றேன்ல. நெலம் போயி எத்தினி நாளாவுது? இன்னும் வூட்டக் கட்டிக்கினு அழுவுற. நெலய நான் வந்துதான் கழட்டணுமா? ஊர்ல வேற ஆளே இல்லியா? எனக்கு லீவு இருக்கு. நான் வர்ல. சும்மா சும்மா போன் போட்டுக்கினு இருக்காத அக்கா. போ. எங்கனா போ."

திரையில் அந்த அம்மாள் எழுந்தாள். நான் தடியால் அவள் மூட்டையைத் தள்ளினேன்.

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஓவியா அதைப் பார்த்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் வேகமாகப் பேசினால் அவளுக்குப் பாதி பிடிபடாது.

"அத்தை, அப்பா என்ன சொல்றார்னா, இந்த இடத்தை மூடியாச்சு. எல்லாரும் வண்டில ஏறணும்."

"புரியுது கண்ணு," என்றாள் அக்கா.

யாரும் டிவியை அணைக்கவில்லை. அணைக்க யாருக்கும் தோன்றவில்லையா, துணியவில்லையா, தெரியாது. மீதி எபிசோட் முழுக்க ஓடியது. கதாநாயகி வந்தாள். ஜனங்களைக் காப்பாற்றினாள். காசிம் பாய் ஒரு சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி சமையலறைக்குப் போனவர் வரவில்லை. கலா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

முடிந்ததும் அக்கா தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். ஓவியா கன்னத்தைத் தொட்டு, "நல்லா இருந்துச்சி கண்ணு," என்றாள். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று மச்சான் சாவியை எடுத்தார்.

"வேணாம்பா. பஸ்ஸு இருக்கு."

என் பக்கம் வரும்போது நான் வழிவிட்டு நகர்ந்தேன். அவள் போனாள். நகர்ந்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை.

கலா அப்புறமாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு ஊருக்குப் போற அளவுக்கு லீவு இல்லைன்னு என்கிட்டயும்தான சொன்னீங்க, அண்ணி கூப்பிட்டப்ப?"

"ஆமா."

"சரி," என்றாள்.

6

இதை வேல்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த எபிசோட் இங்கே நன்றாக ஓடிவிட்டது. காவல்காரன் பாஷை பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஓவியா ஸ்கூலில் பையன்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு "எலுந்ரு, எலுந்ரு, போ" என்கிறார்களாம். குவாரியில் கெவின் தினமும் காலையில் அதைத்தான் சொல்கிறான். குட் மார்னிங் மாதிரி. நான் தலையாட்டுகிறேன். போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு குழந்தை தள்ளுவண்டியில் உட்கார்ந்து அதைச் சொன்னது. என்னை அதற்குத் தெரியாது. தக்காளி வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்தக் குரலை எடுத்துவிட முடியுமா என்று தொடர் எடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஓவியாதான் டைப் செய்தாள். காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போடட்டும் என்றாள். குடும்ப விஷயம் என்று போடு என்றேன். போட்டாள். ஒரு மாதம் கழித்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. உங்கள் குரலை மக்கள் மிகவும் ரசிக்கிறார்கள் என்று இருந்தது. எடுப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஸ்கூலில் அந்தப் பையன்களிடம் ஓவியா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அது சும்மா சத்தம் இல்ல, அர்த்தம் இருக்கு, சொல்லாதீங்கன்னு சொன்னேன்."

"அர்த்தம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொல்லல."

நெய்வேலியில் டிவி பார்த்த மறுநாள் நடந்ததை இன்னும் எழுதவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

7

மறுநாள் மச்சானுக்கு வார லீவு. கடப்பாரை, உளி, சுத்தி எல்லாம் அவர் பைக்கில். நான் சுமதியின் ஸ்கூட்டரில். ஓவியா தானாக வந்து பின்னால் ஏறினாள். டிவியில் நான் பேசியதற்குக் கலா அவளுக்கு அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும். வழி முழுக்க என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

நாங்கள் போனபோது வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பாத்திரம், பாய், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றியாயிற்று. கொத்தனார் நிலையைச் சுற்றிச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் ஆகியிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காருங்க."

பிறந்தது முதல் என்னை டேய் என்று கூப்பிட்டவள். வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கி நிழலில் போட்டாள். துடைத்துவிட்டாள்.

"அக்கா, நான் கழட்டறேன்."

"கொத்தனாருக்குக் கூலி பேசியாச்சிங்க."

"கடப்பாரை கொண்டாந்திருக்கேன்."

"வெச்சிக்கிங்க. திருப்பி எடுத்துக்கினு போவணும்ல."

மச்சான் கொத்தனாருக்கு உதவப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். உட்காராவிட்டால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது. வண்டி டிரைவர் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தான். அக்கா காசு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். விருந்தாளிக்கு வாங்குவது.

"அக்கா, நேத்து அது வந்து..."

அவள் பாத்திர மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணும் சொல்லாத. நல்லாத்தான் பேசின. கேக்கறாப்பல பேசின. அத போன்ல பேசியிருந்தா போன வருசமே வண்டி ஏறியிருப்பன்டா. ஒரு மழக்காலம் பூரா ஒழுவுற வூட்ல சட்டிய வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தன். தம்பி வருவான், தம்பி வருவான்னு."

முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

நிலை அசைந்தது. பலாமரம், கனம். கொத்தனார் ஒரு பக்கம் பிடித்தார். மச்சான் ஒரு பக்கம். டிரைவர் ஓடிப்போய்க் கீழே பிடித்தான். ஒரு மூலைக்கு ஆள் இல்லை. நான் எழுந்தேன்.

"நீங்க ஒக்காருங்க," என்றாள் அக்கா.

சுற்றிப் பார்த்தாள்.

"ஓவியா. இங்க வா. இந்த மூலையப் புடி. ஒங்க தாத்தா வெச்சது. கீழ வுட்டுடாத."

ஓவியா போனைப் பாக்கெட்டில் போட்டாள். போய்ப் பிடித்தாள். முட்டியை மடக்கி, கொத்தனார் சொன்னபடி மூச்சை இழுத்துத் தூக்கினாள். சுவரிலிருந்து நிலை வந்தது. மண் கொட்டியது. அவள் தலைமுடியெல்லாம் செம்மண். வாசல் இருந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது. உள்ளே பின்சுவர் வரை தெரிந்தது. வண்டி வரைக்கும் நடந்தார்கள். ஓவியா நடுவில் ஒரு தடவை தடுமாறினாள். விடவில்லை. அக்கா பக்கத்திலேயே நடந்தாள். நான் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், கையில் கலர் பாட்டிலோடு.

நிலையைத் தூக்கியவர்கள் நான்கு பேர்.